நல்ல மரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

பர்வீன்,

சலாம் சொல்லி, உடம்பு எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்து, அப்புறம் விஷயத்துக்கு வருகிற பொறுமை எனக்கு இல்லை. அதையெல்லாம் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிற உன் அம்மா நேரில் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணிச் சிரித்தாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "அத்தா, ஒரு நல்ல சேதி! என் மாமனார் கூட்டியாந்த மூணு மர யாவாரியும் வந்து பாத்துட்டாங்க. மூணு பேருமே நல்ல மரம்மா, நல்ல மரம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் கூட வெல கேக்கல. என் மரம் பொழச்சிடுச்சு!" என்றாய். எனக்குக் கையில் இருந்த போன் நழுவிவிட்டது. உன் அம்மா ஓடி வந்து, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

இந்த ஒடிந்த இடுப்போடு கட்டிலில் கிடக்கிறவன் என்பதால் எனக்கு வேறு வேலை இல்லை, அதனால் பயப்படுகிறேன் என்று நீ நினைக்கலாம். நேற்று மரத்தைத் தட்டிப் பார்த்து வர நம் காசியை உன் வீட்டுக்கு அனுப்பியபோது அப்படித்தான் நினைத்தாய். முப்பது வருஷம் என்னோடு மரம் ஏறின ஆளை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, எனக்குப் போன் போட்டு, "உங்களுக்கு மரத்தப் பாத்தாலே கை அரிக்குதா அத்தா? இடுப்பு ஒடஞ்சும் அடங்கலியா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான் கூப்பிட்ட எந்த முறையும் நீ எடுக்கவில்லை. கோபப்படு, பரவாயில்லை. உன் கோபம் என் கோபம்தான், வேறு எங்கிருந்து வரும்? ஆனால் போனில் நான் பேசினால் குரல் ஏறிவிடும், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காலை மணி ஒன்பது ஆகிறது. பகல் சாப்பாட்டுக்குள் அம்மா சாரத்தில் இருக்கிற உன் வீட்டுக்கு வந்துவிடுவாள். உன் டியூஷன் பிள்ளைகள் நாலு மணிக்கு வருவார்கள். அதற்குள் நீ இதை முழுதாகப் படித்துவிட வேண்டும். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

என் தொழிலை நீ எப்போதும் வெறுத்தாய், அதனால் அதன் பழக்கவழக்கம் ஒன்றையும் நான் உனக்குச் சொல்லியதில்லை. இப்போது ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நிற்கிற மரத்தை விலைக்குப் பார்க்க வருகிற வியாபாரி, அந்த மரம் அவனுக்கு வேண்டும் என்றால், வந்த நிமிஷத்திலிருந்து குறை சொல்லுவான். கோணலா இருக்குதே என்பான். உள்ளே பொந்து இருக்கும் போலிருக்குதே என்பான். வண்டி உள்ளே வராதே, ஒயர் குறுக்கே போகுதே என்பான். இப்படிக் குறை சொல்லிக்கொண்டே கயிற்றை எடுத்து நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளப்பான். குறை சொல்லச் சொல்ல அவனுக்கு ஆசை என்று அர்த்தம். மரம் வேண்டாம் என்றால், அதாவது உள்ளே கெட்டுப்போய் அறுத்தால் ஒன்றும் தேறாது என்று தெரிந்துவிட்டால், அப்போதுதான் புகழுவான். "நல்ல மரம்மா, இருக்கட்டும்" என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கெட்டுப்போன மரம் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டான். சொன்னால் வீட்டுக்காரர், வாங்க வக்கில்லாமல் என் மரத்தைக் குறை சொல்கிறாயா என்பார். இல்லையென்றால், சும்மா தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்பார். அடுத்து வருகிற வியாபாரியின் பேச்சும் கெடும். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். உன் வீட்டுக்கு ஒருவர் வந்து புகழ்ந்துவிட்டுப் போயிருந்தால், என்னமோ என்று விட்டிருப்பேன். மூன்று பேர் வந்திருக்கிறார்கள், மூன்று பேரும் புகழ்ந்திருக்கிறார்கள், ஒருவரும் விலை கேட்கவில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும் அம்மா?

இதை நேரடியாக முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கேட்பாய். சொன்னால் நம்பியிருப்பாயா? நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, மத்தியானம் உன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, மஞ்சள் பூ கொட்டிக் கிடந்த அந்த மரத்தடியில் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருந்த உன்னைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன். "இங்க யாரு ஒக்கார வச்சது? யாரு ஒக்கார வச்சது?" என்று டீச்சரிடம் கத்தினேன். உன் சோறு மண்ணில் கொட்டியது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் உன்னைக் கோடாலி பாய் பொண்ணு என்று கூப்பிட்டார்கள், நீ ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாய். அந்த மரத்துக்கு ஒரு குறையும் இல்லை பர்வீன். இரும்பு மாதிரி நின்றது. எனக்கு அது தெரிந்துதான் இருந்தது, ஆனாலும் உன்னை அதன் கீழே பார்த்ததும் எனக்குப் புத்தி நிற்கவில்லை. அது ஏன் என்று உனக்கு மட்டுமல்ல, உன் அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித்தான் அவளிடம் கொடுக்கிறேன். நீயே பிரித்து, நீயே அவளுக்குப் படித்துக் காட்டு. நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை.

உனக்கு அப்போது ஏழு வயது. வைத்திக்குப்பம் பக்கம் சொல்தா வீடு என்று ஒரு வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்லுவோம், அந்த மாதிரி ஒரு பெரியவர், அவருடைய மனைவி, இரண்டே பேர். பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசியே என்றும் அந்த அம்மாவை மதாம் என்றும் கூப்பிடுவோம். பின்கட்டு முற்றத்தில் பெரிய வாகை மரம். அதை விற்றுவிட வேண்டும் என்று அவர் என்னைக் கூப்பிட்டார். வாகை என்றால் எங்களுக்கு வாயில் எச்சில் ஊறும், அதன் வைரக்கட்டைக்கு அவ்வளவு கிராக்கி. ஆசையோடு போனேன். அந்த அம்மாவுக்கு மரத்தை விற்க இஷ்டம் இல்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கணவர் காதில் விழாதபடி, "எப்படியாவது வேணான்னு சொல்லிடுங்க பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். நான் சிரித்துவிட்டு மரத்தைச் சுற்றினேன். அடியில் பட்டை ஓர் இடத்தில் உள்ளே அமுங்கி, கறுத்து, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனால் புளித்த வாடை. சுத்தியலால் தட்டினேன், டொப் என்றது. இன்னும் மேலே, கவட்டை வரைக்கும் தட்டினேன். அங்கேயும் டொப். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கைகளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து, "நல்ல மரம் மதாம். இருக்கட்டும் முசியே, வெட்ட மனசு வரல" என்று சொல்லிவிட்டு வந்தேன். எத்தனையோ வீட்டில் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னேன். அந்த அம்மா வாசல் வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

மழை தொடங்கிய சமயத்தில் அந்த வீட்டிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள், விழுந்து கிடக்கிற கிளையை அப்புறப்படுத்த வேண்டும் என்று. போனேன். கிளை என்றால் ஆள் உடம்பு தடிமன். காற்று இல்லாத ஒரு காலை நேரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் மேல் விழுந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் இருந்தார், அவ்வளவுதான். அந்தப் பெரியவர் சுவரோரமாக நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "ஒங்களப் பத்தி எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பா பாய். வெட்ட வந்த மனுசன் மரத்தப் பாத்து மனசு எளகித் திரும்பிப் போயிட்டாரு, அப்பேர்ப்பட்ட மரம்னு சொல்லுவா. அதுக்கப்பறம்தான் நாற்காலிய அங்க கொண்டுபோயி போட்டா. அதுக்கு முன்னாடி அவ அங்க ஒக்காந்ததே இல்ல." நான் ரம்பத்தை வைத்தேன். வெளியே இரண்டு விரல் கனம் கட்டை, உள்ளே பழுப்பாகத் தூள், கையை விட்டால் முழங்கை வரை போனது. காசி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. "காத்து அப்படி முசியே" என்று சொன்னேன். காற்றே இல்லை என்று அவரே சொல்லி முடித்த பிறகு சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். படுபாவி நான், அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் உன் பள்ளிக்கூடத்தில் நான் ஆடிய ஆட்டம். அதற்கப்புறம் பீச்சுக்குப் போனாலும் பூங்காவுக்குப் போனாலும் உன்னை மரத்தடியில் நிற்க விட்டதில்லை. நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாய், சரியாகத்தான் நினைத்தாய். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டவனுக்கு எல்லா மரமும் விழப்போவதாகத் தெரியும். அது மனசுக்குள் கிடக்கிற பயம். ஆனால் இன்று எனக்கு இருப்பது கண்ணால் பார்த்த பயம். இரண்டும் வேறு. அதை நீ நம்ப வேண்டும் என்பதற்காக, நான் பார்க்கிற மாதிரியே நீயும் பார்க்கக் கற்றுக்கொள் என்கிறேன். என் வார்த்தையை நம்பாதே, உன் கண்ணையும் காதையும் நம்பு.

முதலில் எந்த மரம் என்று தெரியாமல் நோயைப் பற்றிப் பேசக் கூடாது. உன் தெருவிலேயே நடந்து பார். பக்கத்து வீட்டுக் கொய்யாவின் பட்டை தாள் தாளாக உரிந்து கீழே விழும், உள்ளே பச்சையும் வெளுப்புமாக வழுவழுவென்று இருக்கும். அது நோய் இல்லை, கொய்யாவின் சுபாவம் அது. நீர்மருதும் அப்படித்தான் பட்டையைக் கழற்றிப் போடும். அதே மாதிரி ஒரு மாமரம் உரிந்தால் பயப்பட வேண்டும். வேம்பின் பட்டை கறுத்து, நெடுக வெடித்து இருக்கும், அந்த வெடிப்பில் தேன் நிறத்தில் பிசின் வரும். அதற்கு ஒன்றும் கவலைப்பட வேண்டாம். ஆனால் கறுப்பாக, தண்ணியாக, நாற்றத்தோடு ஒழுகினால் அது வேம்பாகவே இருந்தாலும் சீக்குதான். வேப்பமரமே மருந்து, அதற்கு என்ன சீக்கு வரப்போகிறது என்று சொல்கிற ஆட்கள் உண்டு, கேட்காதே. புங்கன் சாம்பல் நிறத்தில் ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும், அதன் இலையில் வருகிற முண்டு முண்டான வீக்கத்தைப் பார்த்து மரமே போச்சு என்று அலறுவார்கள், மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பூவரசு சுருக்கம் சுருக்கமாக இருக்கும். எந்த மரத்தின் பட்டையிலும் வெள்ளையும் பச்சையுமாகப் படை படையாக ஒட்டிக்கொண்டிருக்கிற பாசி இருக்கிறது அல்லவா, அது பட்டையின் மேலே குடியிருக்கிறது, அவ்வளவே. அதைச் சுரண்டாதே. கறையான் மண் மேலே ஏறியிருந்தாலும் உடனே பதறாதே, செத்த மேல்பட்டையைத் தின்றுவிட்டுப் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கீழே உள்ளே போயிருக்கிறதா என்று ஒரு முறை தட்டிப் பார்.

உன் வீட்டில் நிற்பது தூங்குமூஞ்சி மரம். பொழுது சாயும்போதும் மழை மூட்டத்திலும் இலையை மடித்துக்கொள்ளும், இளஞ்சிவப்பில் குஞ்சம் குஞ்சமாகப் பூக்கும், கறுப்பாக, ஒட்டுகிற காய் கீழே கொட்டும். அதன் பட்டை கறுப்பு கலந்த சாம்பல், கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், தொட்டால் சொரசொரவென்று கெட்டியாக இருக்கும். ஆகவே வெடித்திருப்பது அதற்குச் சீக்கு இல்லை. அந்த வெடிப்புக்கு நடுவே ஓர் இடம் மட்டும் வழுவழுத்து, உள்ளே அமுங்கி, சுற்றிலும் உதடு மாதிரி தடித்திருந்தால், அங்கே பட்டை செத்திருக்கிறது. நகத்தால் கீறிப் பார். உயிருள்ள பட்டை என்றால் கீறின இடத்தில் ஈரமாக, வெளிர்ப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். செத்த பட்டை காய்ந்த பழுப்பாக, பொடியாக உதிரும். கவட்டைக்குக் கீழே நெடுக ஒரு கறுத்த ஈரக்கோடு இறங்கியிருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மாவு மாதிரி மரத்தூள் அடியில் கொட்டியிருந்தால், உள்ளே வண்டு இருக்கிறது. கட்டெறும்பு சாரியாக ஒரு வெடிப்புக்குள் போய்வந்தால், உள்ளே அதற்கு வீடு கட்ட இடம் இருக்கிறது என்று அர்த்தம், இடம் எங்கிருந்து வந்தது என்று யோசி.

இதையெல்லாம் விட மோசமான ஒன்று இருக்கிறது. போன வாரம் உன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாயே, மரத்தடியில் பாய் விரித்து உன் டியூஷன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுகிற படம், அதை அப்போது நான் சும்மா பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்த பிறகு, உன் அம்மாவைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அடிமரத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, பாதி வட்டமாகத் தட்டு மாதிரி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. அதன்மேல் ஒரு பிள்ளை தன் சிவப்புத் தண்ணீர் பாட்டிலை வைத்திருக்கிறாள். அவளுக்கு அது வசதியான ஒரு சின்ன அலமாரி. அது காளான் பர்வீன். மழை பெய்து முளைத்து இரண்டு நாளில் வாடுகிற காளான் இல்லை இது, கட்டை மாதிரி கெட்டியான காளான். மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் வருஷக்கணக்காக உள்ளேயிருந்து தின்று முடித்த பிறகுதான் வெளியே வந்து முகம் காட்டும். மேலே இலை பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும், நிழல் குறையாது, பூ கூட பூக்கும். அதனால் யாரும் நம்ப மாட்டார்கள். காசி நேற்று கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னான் தெரியுமா? "ஒண்ணு இல்ல பாய், மூணு இருக்குது. வீட்டுப் பக்கமா இருக்குறது தட்டு மாரி பெருசு." அதைச் சொல்லிவிட்டு உட்காராமலேயே போய்விட்டான். அவனும் அந்த வாகை மரத்தை அறுத்தவன்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே போய்ப் பார். மாமனாரிடம் சுத்தியல் இருக்கும், இல்லாவிட்டால் அம்மிக் குழவி எடுத்துக்கொள். கணுக்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை, மரத்தைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் தட்டு. நல்ல கட்டை டக் டக் என்று கையைத் திருப்பி அடிக்கும். கெட்ட இடம் டொப் என்று சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். எங்கே மாறுகிறது என்று சாக்பீஸால் கோடு போடு, உன்னிடம்தான் பெட்டி பெட்டியாக இருக்கிறதே. சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை அந்தக் காளானுக்குப் பக்கத்தில் அழுத்து. தடையில்லாமல் போனால் அங்கேயே நிறுத்திவிடு, மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. காளானைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லுவார்கள், பொந்தில் சிமெண்ட் அடைக்கலாம் என்று ஒரு கெட்டிக்காரர் வருவார், இன்னொருவர் சுண்ணாம்பும் காவியும் பூசச் சொல்லுவார். பூசினால் பார்க்க லட்சணமாக இருக்கும், சீக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அது ஒன்றுதான் பிரயோஜனம்.

இன்று காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் மாமனாருக்குப் போன் பண்ணி, வந்த மூன்று பேரும் யார் என்று கேட்டு வாங்கினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதல் ஆள், "அருமையான மரம் பாய், எனக்குத்தான் இப்ப லோடு ஜாஸ்தி" என்றான். இரண்டாவது ஆள், "பாக்கலாம் பாய், மழ முடியட்டும்" என்றான். என்னிடமே! மூன்றாவது ஆள் ஜமால். உனக்கு நினைவிருக்கும், என் கூட்டாளியாகப் பத்து வருஷம் இருந்து, அப்புறம் தனியாகப் போனவன். உன் கல்யாணத்துக்கு வர முடியாமல் சவுதியில் இருந்தானே, அவன்தான். அவனும் தொடங்கினான், நல்ல மரம் பாய் என்று. நான், "டேய் ஜமால், அது யாரு வீடுன்னு தெரியுமா?" என்றேன். யாரோ ரிட்டயர் ஆனவர் வீடு என்றான். "அங்க இருக்குறது என் பொண்ணுடா" என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, "பாய், மழைக்கு முன்னாடி எறக்கிடுங்க. தட்டிப் பாத்தேன், அடியில பாதிக்கு மேல ஒண்ணுமே இல்ல. நான் நிக்கும்போதே புள்ளைங்க எல்லாம் பைய மாட்டிக்கிட்டு வந்து ஒக்காந்துச்சுங்க. எனக்கு அங்க நிக்க முடியல, வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "புள்ளைங்கள பாத்துட்டுமாடா சொல்லாம வந்தே? நீ மனுசனா?" என்று கத்தினேன். அவன் கோபிக்கவில்லை. "நீங்க பழக்குனதுதான பாய்," என்றான். "சரக்கப் பத்தி வாயத் தொறக்காத, புகழ்ந்துட்டு வந்துடுன்னு நீங்கதான சொல்லுவீங்க." போனை வைத்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

எனக்கு இப்போது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. வானம் மூடிக்கொண்டு வருகிறது. ஜன்னல் கதவு ஆடினால் உன் வீட்டுப் பக்கம் என்ன ஆயிற்றோ என்று போனைப் பார்க்கிறேன். காற்றுகூட வேண்டாம், மழையில் இலையும் கிளையும் தண்ணீர் குடித்துக் கனத்தாலே போதும். அந்த மரத்தை நீ எவ்வளவு ஆசைப்பட்டுக் காப்பாற்றினாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் போன வீட்டில், புது ஆட்களுக்கு நடுவில், உனக்கென்று பேசிப் பிடிவாதம் பிடித்து ஜெயித்த முதல் விஷயம் அது. அதை நான் தோற்கடிக்கிறேன் என்று நினைக்காதே. காய்க்கிற, பூக்கிற, நல்ல நிலையில் இருக்கிற நூறு மரங்களை என் கையால் இறக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறேன், அதற்கெல்லாம் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இது அந்தக் கணக்கில் வராது.

பிள்ளைகளை உள்ளே கூடத்தில் உட்கார வை. இடம் போதாது, சத்தம் போடுவார்கள், மாமியார் முணுமுணுப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். கிளை தெருவரைக்கும் போயிருப்பதால் எதிர்வீட்டுக்காரரிடமும், வண்டி நிறுத்துகிறவர்களிடமும் நீயே போய்ச் சொல். அந்த வார்த்தையை அப்படியே சொல், மரம் உள்ளே கெட்டுப்போயிருக்கிறது, விழும் என்று. சிரிப்பார்கள், உங்க அத்தா மர யாவாரிதானே என்பார்கள், சொல்லிவிட்டு வா. பிள்ளைகளின் பெற்றோர் வந்தால் இந்தக் கடிதத்தையே கொடுத்துப் படிக்கச் சொல், என் மானம் போனால் போகிறது. அனுமதி வாங்குகிற வேலையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். காசி மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குவான், ஒரேயடியாகச் சாய்க்க யாரையும் விடாதே, வீட்டின் மேல்தான் விழும்.

இவ்வளவு படித்த பிறகும் உனக்குச் சந்தேகம் இருந்தால், இருக்கட்டும். நான் உன்னோடு சண்டை போட மாட்டேன். மூன்று மணிக்குக் காசி ஆட்டோ கொண்டுவருகிறான். டாக்டர் அசையக் கூடாது என்றார், அவர் சொன்னதை அவரே வைத்துக்கொள்ளட்டும். அவனும் ஆட்டோக்காரரும் என்னைத் தூக்கி ஏற்றி, மூன்றரைக்கு உன் வீட்டு வாசலில் இறக்குவார்கள். நாலு மணிக்கு நீ அந்தப் பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறாயோ, அவர்களுக்கு நடுவே நானும் உட்காருவேன். மரத்தடி என்றால் மரத்தடி. என்னால் எழுந்து ஓட முடியாது என்பது உனக்குத் தெரியும்.

உன் அத்தா